வறுத்த அரிசி வைத்த பை

நேற்று நம் மகன் புதிதாக வாங்கிய கேமராப் பையைத் திறந்தபோது, உள்ளேயிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் என் மடியில் விழுந்தது. சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். உள்ளே மணிமணியாக ஏதோ உருண்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்தது, சாப்பிடக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"அதத் தூக்கிப் போடுங்கம்மா. எல்லாப் பையிலயும் வரும்," என்றான்.

நான் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கண்மூடி இத்தனை வருஷம் கழித்து, உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கான்வென்ட்காரிக்குத் தமிழில் கடிதம் எழுத வருமா என்று கேலி செய்வீர்கள். வருகிறது, பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அது கண்ணின் குற்றம், படிப்பின் குற்றமில்லை.

பென்ஷன் வாங்கிய பிறகு உங்கள் பைத்தியம் அவனைப் பிடித்துக்கொண்டது. மெர்கோங்கில் இருக்கும் நம் வீட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பிப் போய், வயலில் இறங்கும் கொக்குகளைப் படம் எடுக்கிறான். கேமரா ஒன்றுதான். பைகள் மட்டும் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஊர்ப் பயணத்துக்கு முதுகில் மாட்டுவது, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தோளில் போடுவது, சந்தைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறான். கடைக்குப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறான். நான் விலையைப் பார்ப்பதில்லை. வாரும் பையும் சேரும் இடத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். அந்த இடத்தில் தையல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருக்க வேண்டும். ஒற்றை ஓட்டமாக இருந்தால் அந்தப் பையைத் திருப்பி வைத்துவிடச் சொல்வேன். கடைக்காரப் பெண் முகம் சுளிப்பாள். அதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.

உங்களோடும் அப்படித்தானே போனேன். கல்யாணமான புதிதில் சுங்கைப்பட்டாணியில் ஒரு காக்கிக் கான்வாஸ் பை வாங்கி வந்தீர்கள். அடிப்பக்கத் தையல் ஓர் இடத்தில் விட்டுப்போயிருந்தது. மறுநாளே உங்களை இழுத்துக்கொண்டு போய், சீனக் கடைக்காரர் முன்னால் அதைக் காட்டி மாற்றி வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் சொன்னீர்கள்: "இனிமே நீயே வந்துடு. என் மூஞ்சியப் பாத்தா எல்லாருக்கும் ஏமாத்தணும்னு தோணுது."

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் உத்தியோகம் உங்களுக்கு. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து போடுகிற கை. மற்ற நேரத்தில் அந்தக் கையில், ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரச் சின்னத் துரை விட்டுச் சென்ற மடிப்புக் கேமரா இருக்கும். அதோடு வந்த தோல் உறை மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதற்குப் பதிலாகத்தான் கான்வாஸ் பை வந்தது. பிறகு வெண்கலப் பூட்டு வைத்த பழைய டாக்டர் பை, பிறகு ரப்பர் துணியில் தைத்த ஒன்று. தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கப் போன இடத்தில், கருவாடு விற்ற மலாய்க்காரம்மாவிடம் மெங்குவாங் என்கிற தாழை ஓலையில் முடைந்த மூடி போட்ட பை ஒன்றையும் வாங்கினீர்கள்.

"ஒரு கேமராவுக்கு எத்தன பைங்க?" என்று கேட்டேன்.

"நீ நகையப் பாக்கற மாதிரி நான் பையப் பாக்கறேன். பையப் பாத்துக்கிட்டா படம் தன்னப் பாத்துக்கும்."

"இதுல வச்சா உங்க கேமரா கருவாட்டு வாசம் அடிக்கும்."

"அடிக்கட்டும். திருடன் கிட்ட வரமாட்டான்."

நம் கெடா மாநிலத்து ஈரத்துக்குக் கண்ணாடியும் பிலிமும் தாங்காது. சிவக்க வறுத்த அரிசியைச் சின்ன மல் துணியில் முடிச்சாகத் தைத்து ஒவ்வொரு பையிலும் போட்டு வைக்க வேண்டும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முடிச்சுகளை நான் தைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவற்றைப் பிரித்து, அரிசியை மறுபடி வறுத்து, ஆறவைத்து, திரும்பத் தைப்பேன். பையிலிருந்து கேமராவை எடுத்தால் முதலில் அந்த வாசம்தான் வரும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கேமரா வைத்திருப்பவன் உளவு பார்க்கிறவன் என்று பேச்சு பரவியது. உங்களுக்குக் கேமராவை ஒப்படைக்க மனமில்லை. எங்கே வைப்பது என்று இரவெல்லாம் பேசினோம். பிஸ்கட் டின்னில் வைத்து மூடிவிடலாம், ஈரமும் ஏறாது என்றீர்கள். நான்தான் மறுத்தேன். சாப்பாட்டை ஒளிக்கிறோமா என்று டின்னையெல்லாம் திறந்து பார்க்கிறார்கள், தோல் உறையைக் கண்டாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும், மெங்குவாங் பையில் வைத்து மேலே நாலு கருவாட்டைப் பரப்புங்கள் என்றேன். சரியான யோசனை என்று நீங்களும் சொன்னீர்கள். அது ஒளிப்பதற்கு நல்ல பை. ஈரத்துக்கு நல்ல பை இல்லை. ஓலை மூச்சுவிடும். அரிசி இருந்தால் போதும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று நம் தோட்டத்து ஆண்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். கிளம்புவதற்கு முன் ஊசி போட வேண்டும் என்று நீங்கள் அவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னீர்கள். ஊசிக்காக இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பின்பக்கத்து வெள்ளைச் சுவர் ஓரமாக ஒவ்வொருவராக நிற்க வைத்துப் படம் பிடித்தீர்கள். யாரிடமும் கிழியாத சட்டை இல்லை. உங்கள் வெள்ளைச் சட்டையை நான் அரிசிக் கஞ்சிக்குப் பதில் மரவள்ளி மாவு போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். ஒருவர் கழற்ற, அடுத்தவர் மாட்டிக்கொண்டார்.

பால்மரம் வெட்டுகிற முனுசாமிக்கு அது தொளதொளவென்று இருந்தது. "ஐயா, இந்தச் சட்டையில என் பொண்டாட்டிக்கு என்ன அடையாளம் தெரியாது," என்றார்.

"நீ திரும்பி வந்து, இது நான்தான்னு சொல்லு," என்றீர்கள்.

"அதுக்கு நான் வரணும்ல," என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் படம் பிடித்தீர்கள். சட்டையை ஜன்னல் வழியாக வாங்கி மடிக்க நான் நின்றுகொண்டிருந்தேன்.

பிலிம் கழுவ மருந்து எங்கும் கிடைக்கவில்லை. சண்டை முடியட்டும் என்று சுருள்களைக் கறுப்புத் துணியில் சுற்றி மெங்குவாங் பையிலேயே வைத்தீர்கள். முனுசாமியின் மனைவி லெட்சுமி தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நம் வாசலில் நிற்பாள். "அவரு பத்திரமா இருக்காராய்யா?" என்பாள். பையில் இருக்கும் படத்தைத்தான் கேட்கிறாள். "இருக்காரும்மா," என்பீர்கள்.

அந்த மழைக்காலத்தில் நம் மகன் பிறந்தான். நெல் விளைகிற கெடாவில் நமக்கு அரிசி இல்லை. மரவள்ளியைத் தின்று தின்று என் உடம்பு வற்றியது. பால் வரவில்லை. பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். ஒரு மாலை நீங்கள் டாக்டர் பையைத் திறந்து, முடிச்சைப் பிரித்து, அரிசியைச் சட்டியில் கொட்டினீர்கள். அந்தக் கஞ்சியைக் குடித்த மறுநாள் மார்பில் கொஞ்சம் ஈரம் கண்டது. இத்தனை பை எதற்கு என்று கேட்டவள், அன்றிலிருந்து பைகளை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். கான்வாஸ் பை ஒரு கஞ்சி. ரப்பர் துணிப் பை ஒரு கஞ்சி. தோல் உறையில் இருந்தது சின்ன முடிச்சு, அது அரைக் கஞ்சி. நாள் விட்டு நாள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வெள்ளிக்கிழமை வறுப்பதற்கு மெங்குவாங் பையின் அரிசி மட்டும் மிஞ்சியது. அது மற்றவற்றைவிடப் பெரிய முடிச்சு. சுருள்களுக்காக நான் பெரிதாகத் தைத்திருந்தேன்.

நான் உங்களைக் கேட்கவில்லை. அந்தப் பை மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவ்வளவுதான். உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"தையலப் பிரிக்கவா?" என்றீர்கள்.

"பிலிம் என்னங்க ஆகும்?"

"மழ விட்டதும் அரிசி கெடைக்கும். போட்டு வச்சுக்கலாம்."

"லெட்சுமி வந்து கேட்டா?"

நீங்கள் கத்தரிக்கோலை எடுத்தீர்கள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அடுப்பு மூட்டும் நேரம் இருந்தது, தண்ணீர் கொதிக்கும் நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் கருவாட்டு வாசம் அடிக்கிறது, உப்புப் போதவில்லை என்று குறை சொன்னேன். நீங்கள் உப்பு எடுத்து வந்து போட்டுக் கலக்கிக் கொடுத்தீர்கள். முழுவதையும் குடித்தேன். உங்களுக்கு ஒரு வாய் மிச்சம் வைக்கவில்லை. நீங்கள் அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. அன்று நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. பிள்ளை குடித்தான். அடுத்த நாளும் குடித்தான்.

மழை நின்றது. அரிசி வரவில்லை.

சண்டை முடிந்ததும் சுருள்களை எடுத்துக்கொண்டு டவுனில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். சீனக்காரர் இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோதே அவர் முகத்தில் தெரிந்தது. "கூலாட், சூடா ஹாபிஸ்," என்றார். பூஞ்சை பிடித்து எல்லாம் போய்விட்டது. சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்து எடுத்ததில் முகம் இருந்த இடமெல்லாம் பாசி படர்ந்த மாதிரி திட்டுத்திட்டாக இருந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் அங்கங்கே தெளிவாக நின்றது. நான் தேய்த்துக் கொடுத்த காலர், முனை மடங்காமல், ஒவ்வொரு படத்திலும் இருந்தது.

சயாமிலிருந்து திரும்பியவர்கள் மிகச் சிலர். முனுசாமி வரவில்லை. படத்துக்காகப் பெண்கள் நம் வாசலுக்கு வந்தார்கள். நீங்கள் படியில் இறங்கி நின்று, "நான் சரியா வைக்கலம்மா. என் தப்புதான்," என்றீர்கள். நான் உள்ளே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரவில்லை. தொழிலாளர் லயத்துப் பெண்கள் முன்னால் டிரசர் மனைவி தலைகுனிந்து நிற்பதா என்று அன்றும் ஒரு வீம்பு இருந்தது எனக்கு.

லெட்சுமி மட்டும் போகவில்லை. "ஓரமாச்சும் தெரியாதாய்யா? காது, கீது?" என்றாள். நீங்கள் அவள் கணவரின் படத்தைக் கொடுத்தீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கை அவரு கைதான். உளி புடிச்சுப் புடிச்சு இந்த வெரல் இப்பிடித்தான் வளைஞ்சிருக்கும்," என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு படியேறி உள்ளே வந்து என் முன்னால் நின்றாள். அவள் அதற்கு முன் நம் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"வெள்ளிக்கிழமையானா அரிசி வறுக்கற வாசம் லயம் வரைக்கும் வரும், டிரசரம்மா. பசியில நாங்க எல்லாம் அதத்தான் மோந்துக்கிட்டுப் படுத்திருப்போம். ஒரு வெள்ளி வரல. அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும்."

அவள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பால் வந்துச்சா?"

"வந்துச்சு," என்றேன்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது மன்னிப்பா, குத்தலா என்று உங்களிடம் கேட்டேன். "அவ கேட்டதுக்கு நீ பதில் சொன்ன. அவ்வளவுதான்," என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் மனிதர்களைப் படம் எடுக்கவில்லை. மலை, ஆறு, தோட்டத்து மாடு, அப்படித்தான். பை வாங்குவது மட்டும் நிற்கவில்லை. நல்ல தோல், உறுதியான பூட்டு, இரட்டைத் துணி என்று எதையாவது கொண்டுவந்து என் முன்னால் வைப்பீர்கள். நான் தையலைப் புரட்டிப் பார்த்துச் சொல்வேன். எத்தனை பை என்று மறுபடி நான் கேட்டதே இல்லை. அரிசி வேண்டாத ஒரு பையைத்தான் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

மெங்குவாங் பை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. மிச்சப் பிலிம் அதில்தான். முகமில்லாத பிலிமை இனி ஈரம் என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வறுத்துப் போடுகிறேன். மகன் அதை அம்மாவின் பழைய பழக்கம் என்று விட்டுவிட்டான். அவனிடம் நான் சொன்னதில்லை. அவன் குடித்ததற்கு அவன் என்ன செய்வான்? இது என்னுடையது.

இன்று காலை சட்டியை அடுப்பில் வைத்தேன். அரிசி சிவந்து வரும்போது அவன் அடுப்படிக்கு வந்தான்.

"இன்னிக்கு வெள்ளி இல்லையேம்மா," என்றான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு, மெல்லும்போது கன்னம் உங்களைப் போலவே குழிகிறது. மறுபடியும் சட்டிக்குள் கையை விட்டான்.

"போதும். மிச்சம் வை," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். ஆறவைத்த அரிசியை இரண்டு முடிச்சாகத் தைத்தேன். ஒன்று அவன் புதுப் பைக்கு. இன்னொன்று மெங்குவாங் பைக்கு, கொஞ்சம் பெரியது.