பேச்சியக்கா கொடுத்த டீ

அன்புள்ள ஆத்தாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விட்டுவிடாதே. இங்கே போனுக்கு டவர் இல்லை, மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஏலச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கிணற்றில் கலந்திருப்பது சோதனையில் தெரிந்தது. "காய்ச்சினாலும் போகாது, குடிக்காதீங்க" என்று வீடு வீடாகச் சொல்வதுதான் என் சோலி. முதல் வீட்டில் பேச்சியக்கா உட்காரச் சொல்லி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்ட டீயைக் கையில் கொடுத்துவிட்டார். பேச்சுவாக்கில் நானும் குடித்துவிட்டேன்.

"நீயே குடிச்சிட்டயே தாயி, பெறகென்ன பயம்?" என்று சிரித்தார். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க அதே பேச்சு. ஓடைத் தண்ணீருக்குப் போனவர்கள்கூடக் கிணற்றுக்கே திரும்பிவிட்டார்கள். இப்போது எங்கே போனாலும் முதலில் டீதான் வருகிறது. வேண்டாமென்று சொன்ன வீட்டில் மறுநாள் கதவே திறக்கவில்லை. லாரியில் தண்ணீர் வருமென்றார்கள், இன்னும் வரவில்லை.

முத்துப்பாண்டி அண்ணன் ஜீப்பில் நம் வீட்டுத் தண்ணீர் இரண்டு கேன் கொடுத்துவிடு. சாக்கில் சுற்றி, அரிசி என்று சொல்லச் சொல். இவர்கள் பார்க்க நான் மட்டும் அதைக் குடிக்க முடியாது.

இந்தக் கடிதத்தை வாங்கிப்போக அண்ணன் ஜீப் ஹாரன் அடிக்கிறது. பேச்சியக்காவும் டம்ளரோடு வாசலில் வந்து நிற்கிறார்.

உன் மகள்,
சந்திரவல்லி