நரிமலை, மலை அல்ல

ஆகஸ்ட் 19, 2025. சிதம்பரம்

துறைத்தலைவர் கூப்பிட்டார். கடலூர் பக்கம் நரிமலையில் செம்மண் எடுக்க ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். மலை என்றால் அனுமதி கிடைக்காது, மேடு என்றால் கிடைக்கும். புவியியல் துறை கருத்துச் சொல்ல வேண்டும்.

"அம்பத்தாறு மீட்டர்தானே கலைமணி? அது எப்படிம்மா மலையாவும்?"

அங்கே அடிவாரத்தில்தான் என் அக்கா மாரியம்மாள் வீடு. சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். டிசம்பரில் என் விரிவுரையாளர் ஒப்பந்தத்தை அவர்தான் புதுப்பிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 23

எவ்வளவு உயர்ந்தால் மலை? ஒரு புத்தகத்தில் அறுநூறு மீட்டர். இன்னொன்றில் முந்நூறு. எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவே கிடையாது. சுற்றியுள்ள தரையிலிருந்து எவ்வளவு எழுகிறது, சரிவு எப்படி, ஊர் அதை என்னவென்று சொல்கிறது என்று எல்லாம் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியும்.

அறுநூறை மட்டும் எழுதினேன். "மலை அல்ல." கையெழுத்தும் போட்டேன்.

நவம்பர் 12. கடலூர்

மூணு நாள் மழை. கம்பெனி செங்குத்தா வெட்டி வெச்சிருந்த சரிவு அப்படியே எறங்கிடுச்சி. அக்கா வீட்டுப் பின்சுவரே இல்லை. ஒரு மணி நேரம் மண்ணுக்குள்ள கெடந்திருக்கா. உயிர் இருக்கு. வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிருக்கு.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "நீதான் எழுதிக் குடுத்தியாமே?" என்றாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

நவம்பர் 16

இன்னும் தோண்டுகிறார்கள். இப்போது மேற்குப் பக்கம். கீழே பதினோரு வீடு. அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கலெக்டருக்கு மனு எழுதினேன்.

நவம்பர் 21

அக்கா போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 9

மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் விசாரணை. ஊர்க்காரர்கள், கம்பெனி வக்கீல், பின்வரிசையில் துறைத்தலைவர்.

"அப்போ இது மலையா, இல்லையாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"உயரத்த மட்டும் வெச்சி சொல்ல முடியாது சார். அது தெரிஞ்சும் இல்லன்னு எழுதினேன். வேலைக்குப் பயந்து."

"வேலைக்குப் பயந்துன்னே பதிவு பண்ணவா?"

"பண்ணுங்க சார்."

துறைத்தலைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 31

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவேன்?

ஜனவரி 6, 2026

தோண்டுவதற்குத் தடை. மெஷின்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்களாம். நரிமலை மலையா என்று உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"நாளைக்கு மாவுக்கட்டு பிரிக்கிறாங்க. தனியா போவ பயமா கீது. வர்றியா?"

ஐந்தரைக்கு முதல் பஸ்.