சீனி இல்லாத வீடு

சேசு மரி சூசை துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
18 பெப்ருவரி 1935

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

நாங்கள் அனைவரும் சுகம். மாப்பிள்ளை பேசிலை உன்னிடம் அனுப்பியதிலிருந்து எங்கள் வார்டு வெறிச்சென்று கிடக்கிறது. நீரிழிவு முற்றி நினைவில்லாமல் வந்த மனுஷன், மூன்றே வாரத்தில் எழுந்து உட்கார்ந்து நர்சுகளிடம் பலகாரம் கேட்டாரே!

டாக்டர் கொடுத்த இங்கிலீஷ் குறிப்பைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் புண் கட்டி மருந்து கொடுத்து டிரெசர் வேலை பார்த்தவன் சொல்கிறேன், அதன்படியே நட. ஊசியைக் கொதிக்கவைத்த பிறகே இன்சுலின் எடு. காலை ஏழு, மாலை ஆறு, கால்மணிகூடத் தவறக்கூடாது. போட்ட அரைமணிக்குள் சாப்பாடு. மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார். நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறமானால் சீனி ஏறியிருக்கிறது, எனக்கு எழுது. கால்விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்.

சீனி அவருக்கு விஷம். வீட்டுக்குள்ளேயே வைக்காதே. ரெயில்வேயில் கணக்கெழுதும் கிராணி அல்லவா, ஆளை ஏய்ப்பதில் கெட்டிக்காரர்.

உன் அண்ணன்
கொர்னேலியஸ்

*

கிள்ளான்
27 மார்ச் 1935

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்கு,

உங்கள் குறிப்பை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஊசி போட இப்போது எனக்குப் பயமில்லை. மருந்து நீலம் மாறாமல் நிற்கிறது. நேற்று மட்டும் பச்சை தட்டியது. விசாரித்தால், ஸ்டேஷன் வாசலில் மலாய்க்காரி விற்கிற குவே பலகாரம் தின்றாராம்!

சீனி, வெல்லம், இனிப்பு டின் பால் எல்லாவற்றையும் அடுத்த வீட்டு சாந்தமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். "ஒங்க அண்ணன் டிரெசரா, ஜெயில் வார்டனா?" என்று கேட்கிறார் இவர். ஆனாலும் கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. உங்களுக்காகத் தினம் ஒரு ஜெபமாலை சொல்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். சில நாள் முற்பகலில் கை நடுங்கி, வியர்த்து, காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். அது எதனால்? வாயில் இனிப்பு ஏதாவது போட்டால் சரியாகிறது என்கிறார். நான் நம்பவில்லை.

உங்கள் அன்புத் தங்கை
உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
1 ஏப்ரல் 1935

அன்புத் தங்கைக்கு,

அது பசி நடுக்கம். பத்து மணிக்குத் தின்ன இரண்டு பிஸ்கட் கொடுத்தனுப்பு. இனிப்புக் கதையை நம்பாதே. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று அவருக்குத் தெரியாதா! பாஸ்குத் திருநாளுக்கு எனக்கு லீவு இல்லை. நீங்கள் நல்லபடியாகக் கொண்டாடுங்கள்.

அண்ணன்
கொர்னேலியஸ்

*

கிள்ளான்
2 ஆகஸ்ட் 1935

அன்புள்ள அண்ணனுக்கு,

அவர் போய் இன்றோடு நூறு நாள். அவருக்கு வியர்த்தது, வலிப்பு வந்தது என்று மட்டும் அடக்கத்தின்போது சொன்னேன். முப்பதாம் நாள் பூசைக்கு வந்தீர்கள், அப்போதும் மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

மற்ற ஞாயிறுகளில் விடியற்காலைப் பூசை முடிந்து வந்துதான் ஊசி போடுவோம். பாஸ்கு அன்று பூசை எட்டு மணிக்கு. நேரம் தவறக்கூடாது என்று ஏழுக்கே போட்டேன். பூசையில் நன்மை அப்பம் வாங்கும்வரை பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்று இவர் உபவாசம் காத்தார். ஒருநாள் சாப்பாடு தாமதமானால் சர்வேசுரன் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

பிரசங்கத்தின் நடுவிலேயே வியர்த்துக் கொட்டியது. கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தேன். குடித்தவர் போல நாக்குக் குழறியது. சாந்தமேரி அக்கா ஓடிப்போய் டின் பால் ஊற்றிய கோப்பி வாங்கி வந்தார். இவர் இரண்டு கையையும் நீட்டி, "குடு உர்சு, இனிப்பா ஏதாச்சும் குடு" என்றார். "நன்மை போனாப் போவுது, குடிக்கட்டும்டி" என்றார் அக்கா. நான், "அது வெஷம்க்கா!" என்று கத்திக் கோப்பையைத் தட்டிவிட்டேன்.

வழியிலேயே வலிப்பு வந்து நினைவு போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "யாருமே சீனி கொடுக்கவில்லையா?" என்றுதான். ஊசி வழியாகச் சீனித் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்று நாள் கண் திறக்காமலே போய்விட்டார்.

நான்தான் கொன்றேன், அண்ணா. கோயிலில் என் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தெரியாமல் செய்தது பாவமில்லை என்கிறார் சுவாமியார். ஆனாலும் நன்மை வாங்க எழுந்தால் கால் நகரமாட்டேன் என்கிறது. உங்கள் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்? சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
உர்சுலா

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஆகஸ்ட் 1935

உர்சுலா,

நீ எதையும் விடவில்லை. விட்டது நான்.

இங்கிலீஷ் குறிப்பில் இன்னொரு பக்கம் இருந்தது. இன்சுலின் போடுகிறவர் எப்போதும் சட்டைப்பையில் சீனி வைத்திருக்கவேண்டும், நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடவேண்டும், அந்த நேரத்தில் அதுதான் மருந்து என்று அதில் இருந்தது. மறந்துபோய் விடவில்லை. இதைப் படித்தால் மாப்பிள்ளை சீனிக்காகவே தினம் தினம் நடுங்குவார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு பேனாவை மூடினேன்.

நடுக்கத்தைப் பற்றி நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் மறைத்தது தெரிந்துவிடுமே, டிரெசர் அண்ணனின் மதிப்பு என்னாவது என்று பார்த்தேன். அடக்கத்தன்று வியர்த்தது என்று நீ சொன்னதுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "சர்வேசுரன் சித்தம்" என்று உன் வாயை அடைத்தேன். கோப்பையைத் தட்டியது உன் கை. தட்டவைத்தது நான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நீ போய் நன்மை வாங்கு.

கொர்னேலியஸ்

*

கிள்ளான்
30 ஆகஸ்ட் 1935

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தாலே ஆத்திரம் வந்தது.

நீங்கள் எழுதாமல் விட்டதை என்றைக்காவது மன்னித்துவிடுவேன். நூறு நாள் நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதது தெரிந்தும் பேசாமல் இருந்தீர்களே, முப்பதாம் நாள் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அது ஆறவில்லை. கொஞ்ச காலம் இங்கே வரவேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கினேன். உங்களுக்காக வேண்டிக்கொள்ள நினைத்தேன். முடியவில்லை.

பின்தெருவில் புஷ்பவல்லியின் புருஷனுக்கும் இப்போது இன்சுலின். அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியவில்லை, தினம் காலையில் நான்தான் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன். குறிப்பை முதலிலிருந்து தமிழில் எழுதி அனுப்புங்கள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒரு வரிகூட விடாதீர்கள்.

உர்சுலா