சின்ன இமேஜ் இன்னும் எதைப் பிடித்திருக்கிறது?

என் ரகுவுக்கு,

உன் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு நான் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று சரஸ்வதிபுரத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கதவு திறந்தேதான் இருக்கிறது. கை கழுவாமல் உன் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது, வேலை முடிந்ததும் அது "சேமிக்கலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

நீ எழுதியது, பாதியில் விட்டது, திரையில் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள், எல்லாம் ஒரே கோப்பில் நீ எழுந்துபோன நிலையிலேயே இருக்கின்றன. அந்தக் கோப்பைத்தான் இமேஜ் என்பாய். யாராவது சேமித்தால் அந்த நிலை மாறிவிடும். பிரதி எடுத்தாயிற்று என்கிறான் உன் ஆபீஸ் நண்பன் சிவா. இருந்தாலும், நீ தொட்டது இதுதானே?

மற்றவர்கள் பெரிய இமேஜை வெட்டி வெட்டிச் சின்னதாக்குவார்கள். நீ ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு சின்ன இமேஜைக் கட்டப் பார்த்தாய். எழுந்து நிற்கத் தேவையானது மட்டும் அதில் இருந்தால் போதும் என்றாய்.

"பெரிசுதான் சின்னதைக் கட்டணும்மா. கட்டினதும் உறவே இருக்கக் கூடாது. சின்னதுல ஒண்ணே ஒண்ணு பெரிசைப் பிடிச்சிருந்தாலும் மொத்தமும் பின்னாலேயே வந்துடும்."

"உன் இன்டர்வியூவுக்கு ஃபிளாஸ்க்கோட நான் பெங்களூர் வந்த மாதிரியா?"

"அதேதாம்மா," என்று சிரித்தாய்.

அதுதான் இப்போது நடக்கிறது, ரகு. சிவா சனிக்கிழமைதோறும் வந்து கட்டிப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் சின்னது பெரியதன் அளவிலேயே வருகிறது. நேற்று அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டான்.

"ஏன் மாடோது ஆன்ட்டி, என்ன பண்றது? எங்கேயோ ஒண்ணு மாட்டிட்டிருக்கு. எங்கேன்னு அவனுக்குத்தான் தெரியும். திங்கக்கிழமையோட இதை விட்டுடச் சொல்லிட்டாங்க ஆபீஸ்ல. பழையபடி வெட்டித்தான் கொடுக்கணும்."

அப்படியானால் உன் வேலை உன்னோடு முடிந்தது என்று அர்த்தம். கான்வென்ட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபோது ஒரு காற்புள்ளி தவறினாலும் கண்டுபிடித்தவள் நான். உன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் தெரிகிறது; ஒரு வரியும் புரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்? திங்கட்கிழமையைத் தள்ளிப்போடச் சொல்ல நான் யார்?

என்னால் ஆனது ஒன்றுதான். நான் இருக்கும்வரை அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்றே பதில் சொல்வேன். நீ விட்டது விட்டபடி இருக்கும்.

சின்னது எதை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது? கனவில் வந்து சொல்லாதே, எனக்குப் புரியாது. தயவுசெய்து எழுத்தில் பதில் போடு.

ஃபிளாஸ்க்கோடு கூடவே வந்த
உன் அம்மா