மாந்தோப்பை எழுதி வைத்தேன்

தேவதானப்பட்டி

அன்பு மகன் ரூபனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அண்ணி இவாஞ்சலினும் சுகம். குவைத் வெயிலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இங்கே நல்ல மழை, கிணறு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. உன் அண்ணன் பிரபு இறந்தபிறகு தோப்பில் மருந்தடிப்பதிலிருந்து வியாபாரியிடம் விலை பேசுவதுவரை எல்லாம் உன் அண்ணிதான் பார்க்கிறாள் என்பது உனக்கே தெரியும். அந்த மாந்தோப்பை அவளுக்கென்று உயில் எழுதி, போன திங்கட்கிழமை பெரியகுளம் பத்திர ஆபீசில் பதிந்துவிட்டேன். நீ வரும்வரை பொறுக்கச் சொல்லியிருந்தாய், என்னால் பொறுக்க முடியவில்லை. உன் சித்தப்பா ஜேசுராஜ் கோயில் வாசலில் நாலு பேர் முன்னால், "பிள்ளையில்லாத பிள்ளைக்கு எதுக்கு மதினி தோப்பு, அவுக அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்க" என்று அவள் காதுபடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவள் சேலைகளைப் பெட்டியில் அடுக்கினாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன். அந்தத் தோப்பு என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்தது, யாருக்குக் கொடுப்பதென்று நான்தான் சொல்ல வேண்டும்.

ஆபீசுக்குப் போனால், சாட்சிக்கு வருவதாகச் சொன்ன இரண்டு பேரில் நல்லகண்ணு வாத்தியார் மட்டும்தான் வந்திருந்தார். இன்னொருவரை சித்தப்பா பேசி நிறுத்திவிட்டார். நானே போடுகிறேன் என்றாள் இவாஞ்சலின், சொத்தைப் பெறுகிறவளே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் அவளுக்குச் செல்லாது என்று பத்திரம் எழுதுபவர் தடுத்தார். பக்கத்து வீட்டு மாயக்காளுக்குப் போன் போட்டேன். அவள் பூப்பறித்துக்கொண்டிருந்தவள், "ஆதாரோட வாரேன், அங்கனயே நில்லு ஆத்தா" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

சார்பதிவாளர் என்னைத் தனியாக உட்காரவைத்து, எழுதும்படி யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். "வற்புறுத்துனாக சார், எழுதக் கூடாதுன்னு" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் கட்டைவிரலைப் பிடித்து மெஷினில் வைத்தார்.

வீட்டை உனக்குத்தான் எழுதியிருக்கிறேன். உனக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் என்னிடம் சண்டை போடு, அவளிடம் முகம் சுளிக்காதே. உன் பெயர் போனில் வந்தால் இப்போதெல்லாம் அவள் எடுக்காமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மறக்காமல் போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லி முதலில் அவளோடு பேசு. உன்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறேன் என்று நம்புகிறேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
ஆரோக்கியம்மாள்