மேல்மாடி அண்ணையின் ஆமை

கெல்சென்கிர்ச்சன், ஜேர்மனி. செவ்வாய் இரவு.

மேல்மாடிச் சிவம் அண்ணை இன்று ஆமையைத் திருப்பிக் கேட்டு வந்தார். வருடக்கணக்காக வெயில் காட்டாமல் கண்ணாடிப் பெட்டியில் போட்டிருந்தவர். வேண்டாமென்று அவர் தந்தபோது அதன் ஓடு மெத்தென்றிருந்தது. ஐந்து மாதமாக மருந்தும் வெயிலும் கொடுத்துத் தேற்றியிருக்கிறேன்.

"பிள்ளை ஒரே அழுகை, தங்கச்சி. ஆமையைத் தாங்கோ."

"அது செத்துப்போச்சு, அண்ணை."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கதவடியிலேயே நின்று அழுதார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

ஆமைக்கு வெயில் விழும் ஒரே இடம் என் பல்கனி. அதற்கு நேர் மேலே அவருடையது. எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். மத்தியானத்திலிருந்து ஆமையைக் குளியலறையில் பூட்டி வைத்திருக்கிறேன். கதவைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கிழமை முழுக்க, ஞாயிறு வரைக்கும், நல்ல வெயிலாம்.