காலி வண்டியில் நாங்கள் வருகிறோம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம், அம்மாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது, எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, வாய்தான் ஓய மாட்டேன் என்கிறது என்று அவள் சொல்கிறாள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் ஷிப்ட் முடிந்ததும் போனை நோண்டிக்கொண்டிருக்காமல் தூங்கி எழுந்து, தெம்பாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ ஒன்பது வார்த்தை பேசி முடித்துவிடுகிறாய், நானும் குரலை உயர்த்திவிடுகிறேன், அப்புறம் இரண்டு பேரும் அங்கே வெயிலா இங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்தே ஆகவேண்டும்.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், கட்டுப் பிரித்ததும் நம் வீட்டுக்கு வந்தவள் முதலில் பார்த்தது சமையலறை மூலையில் இருந்த ஒட்டடையைத்தான், பார்த்ததோடு விடவில்லை, என் அக்கா ஆயிற்றே, தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கடையில் தராசு ரிப்பேர் வேலை குறைவில்லை. விலைவாசி ஏற ஏற வாங்குகிறவர்களுக்குத் தராசின் மேல் சந்தேகம் வருகிறது, கடைக்காரர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். காய்கறிக்காரர் ஒருவர், தராசு சரியாக இருக்கிறது, விலைதான் எக்கச்சக்கம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். எழுதிக் கொடுத்தேன், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாராம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் விடுமுறைக்கு வர முடியாது, டிக்கெட் விலை மூன்று மடங்கு ஆகிவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் சரியாகவே பேசவில்லை, உனக்கும் தெரிந்திருக்கும். எனக்குக் கோபம் உன் மேல் இல்லை. போன வருஷமும் இதையேதான் சொன்னாய், அதற்கு முந்தின வருஷம் வேலையில் சேர்ந்த புதிது என்றாய், இப்படியே போனால் உன் முகத்தை நான் போன் கண்ணாடியில் மட்டும்தான் பார்ப்பேனோ என்று ஒரு பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், இது உன் அம்மாவுக்குத் தெரியும், அதனால் அன்றைக்கு அவள் என்னைச் சீண்டவே இல்லை, டீயை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள்.

அவள் பேசாமல் இருந்தால் உள்ளே கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம். மறுநாள் பார்சல் ஆபீஸிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்து, "விடுமுறைக்கு எல்லாரும் அங்கேயிருந்து இங்கதானே வர்றாங்க? அப்ப இங்கேயிருந்து போற வண்டி காலியாத்தானே போகும்?" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்த வண்டி என்றேன். பிளேனும் வண்டிதானே என்றாள்.

நீ சின்ன வயதில் அந்த ஆபீஸில் மூட்டைகளுக்கு நடுவே விளையாடியவள், உனக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு ஆசை தீரும். சீசன் நேரத்தில் லாரிகள் ஒரு பக்கம் சரக்கு நிரம்பிப் போகும், திரும்பும்போது தார்ப்பாயை மடித்துப் போட்டுக்கொண்டு வெறுமனே வரும். அந்த வெறும் வண்டிக்கு, அவசரம் இல்லாத சரக்காகப் பார்த்து, பாதி வாடகைக்குப் பேசி ஏற்றிவிடுவதுதான் உன் அம்மாவின் வேலை. இத்தனை வருஷமாக அதில் அவளை யாரும் மிஞ்சியதில்லை, டிரைவர்களே, அக்கா ரிட்டர்ன் லோடு இருக்கா என்று அவளைத்தான் கேட்பார்கள், மேனேஜரைக் கேட்க மாட்டார்கள். அந்தப் புத்தியை விமானத்துக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று இந்த வீட்டில் யாருக்குத் தோன்றியது சொல். அவளுக்குத்தான். சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்து, புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். நீ சொன்ன அதே விடுமுறை, அதே வாரம். நாங்கள் இரண்டு பேர் போய்வருகிற செலவு, நீ ஒருத்தி வந்துபோகிற செலவைவிடக் குறைவாக வந்தது. நான் நம்பவில்லை, ஏதோ மோசடிக்காரன் விரித்த வலை என்று சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அத்தைக்கு விஷயம் போனதும் குதித்தாள். பெண்தான் பெற்றவர்களைப் பார்க்க வரவேண்டும், பெற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெண் வீட்டு வாசலில் போய் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது, மறைப்பானேன். கடையை மூட முடியாது என்று சாக்கு வேறு சொன்னேன். உன் அம்மா அத்தையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "பத்து நாள் பூட்டுனா உங்க தராசு எல்லாம் இளைச்சிடாது" என்றாள். அத்தையே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு எப்படி எதிர்ப்பது, நாங்கள் ஊர் திரும்பும்வரை வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கப்போகிறது, ஒட்டடையும் அவள் பொறுப்பு.

இதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேள். விலை இன்னும் இறங்கும், பொறுங்கள் என்றாள் அம்மா. பொறுத்தோம். ஆனால் பார்சல் ஆபீஸ் பழக்கம் விடுமா, சரக்கு தயாராக இருந்தால்தான் வண்டி பேச முடியும் என்பது அவள் கட்சி. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே பையைக் கட்டிவிட்டாள். மலிவு டிக்கெட் என்பதால் ஆளுக்கு ஒரு கைப்பைதான், கூடினால் தண்டம் கட்ட வேண்டும். எடை போடுவது என் பொறுப்பு, கடையில் இருந்த நல்ல தராசை வீட்டுக்கே தூக்கி வந்து சரிபார்த்து வைத்தேன், பை அளவுக்குள் கச்சிதமாக நின்றது. நின்றதும் அவள் என்ன செய்தாள் தெரியுமா, இரண்டு பைகளையும் கோணித் துணி போர்த்தி, மெழுகு நூலால் வாயைத் தைத்து, ஆறு பக்கமும் கறுப்பு மையில் உன் பெயரும் முகவரியும் எழுதி, இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறியும் போட்டுவிட்டாள். நான் சிரித்தேன். வழியில் யாரும் உள்ளே கையை விடக்கூடாது பாருங்கள் என்றாள்.

கோணியைப் பிரித்துச் சோதிப்பார்களே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் விலை இறங்கிவிட்டது. அவள் பரபரவென்று பெயர்களைத் தட்டினாள். பாஸ்போர்ட் எண் கேட்டது. பாஸ்போர்ட் எங்கே என்றேன். அவள் பையைப் பார்த்தாள், நானும் பையைப் பார்த்தேன். உடையக்கூடிய சரக்கை நட்ட நடுவில்தான் வைக்க வேண்டுமாம், துணிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்துத் தைத்திருக்கிறாள். போனில் இன்னும் இவ்வளவு நிமிஷம்தான் இந்த விலை என்று கடிகாரம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரி மழுங்கல். அவள் தையல் ஊர் அறிந்த தையல், லாரி கவிழ்ந்தாலும் பிரியாது. நான் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் திட்ட, கடைசியில் கடைப் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கும் பிளேடை எடுத்துப் பையின் வயிற்றையே கிழித்தேன். என் சட்டை ஒன்றும் சேர்ந்து கிழிந்தது. பாஸ்போர்ட் வெளியே வந்தது, அவள் ஊசி குத்திய விரலோடு எண்ணைத் தட்டினாள், டிக்கெட் வந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பேசக்கூட முடியாமல் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. காலம் பூராவும் அடுத்தவர் சரக்கை ஊர் ஊராக அனுப்பியவள், தன்னை இதுவரை எங்கேயும் அனுப்பிக்கொண்டதில்லை. இதுதான் முதல் தடவை, அதுவும் தானே பேசிய வாடகையில். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது, அவளிடம் சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று உன்னிடம் சொல்கிறேன்.

இப்போது உன் முறை. நாங்கள் வருகிறோம் என்றதும் நீ தடுமாறினாய். லீவு கிடைக்காது என்றாய், குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாய், அப்புறம் பக்கத்தில் நல்ல ஹோட்டல் இருக்கிறது, ரூம் போட்டுவிடுகிறேன் என்றாய். விடுமுறை நேரத்தில் ஹோட்டல்காரன் என்ன விலை சொல்வான் என்று உனக்குத் தெரியாதா, டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை எல்லாம் அவனிடம் கொண்டுபோய்க் கொட்டவா உன் அம்மா இந்தப் பாடு பட்டாள். ஆனால் நீ எதற்கு அப்படிச் சொன்னாய் என்று எங்களுக்குத் தெரியும் அம்மாடி. நீ போனில் பேசும்போதெல்லாம் உனக்குப் பின்னால் ஒரே சுவர்தான் தெரியும். ஒருநாள் பால் பொங்குகிற சத்தம் கேட்டது, நீ உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே கையை நீட்டி அடுப்பை அணைத்தாய். அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். நல்ல வீடு, காற்றோட்டமான வீடு என்று நீ சொல்லிவந்தது எவ்வளவு பெரிய வீடு என்று அன்றைக்குப் புரிந்துவிட்டது.  

உனக்கு அதில் கூச்சம் என்றால் அதை இன்றோடு விடு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற அவ்வளவு பெரிய லாண்டரியில், முதலில் ஈரத் துணி இழுக்கிற வேலையில் சேர்ந்து, கை தோல் உரிந்து, யாரிடமும் அழாமல், இன்றைக்கு ஒரு ஷிப்ட் முழுக்க உன் பொறுப்பில் நடத்துகிறாய். இதை நீயாகச் சொல்லவில்லை, உன்னோடு வேலை செய்கிற பெண் போனில் எட்டிப் பார்த்துச் சொன்னதால் தெரிந்தது. அன்றைக்குக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன், காய்கறிக்காரர் இரண்டு தடவை கேட்டார் பாவம். நீ அந்த ஊரில் யார் தயவும் இல்லாமல் ஒரு அறைக்கு வாடகை கட்டுகிறாய். அது பெட்டி அளவு இருந்தாலும் உன் பெட்டி. நாங்கள் தரையில் படுத்துக்கொள்வோம், நான் குறட்டை விடுவேன், நீ திட்டலாம்.

பார்சல் ஆபீஸ் வேன் விடியற்காலையில் ஏர்போர்ட் பக்கம் போகிறது, டிரைவர் எங்களை இறக்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார், டாக்சி செலவும் மிச்சம். சாப்பாடு கட்டிக்கொள்கிறோம், ஏர்போர்ட்டில் ஒரு டீயின் விலையைக் கேட்டால் உன் அத்தைக்கு மறுபடி கண் இருண்டுவிடும். எங்களுக்காக நீ கட்டில் மெத்தை என்று ஒன்றும் வாங்காதே, இன்று மட்டும் தள்ளுபடி என்று போனில் வருவதை நம்பாதே, கடன் அட்டையைத் தொடவே தொடாதே. கிழிந்த பையை அம்மா மறுபடி தைத்துவிட்டாள், வயிற்று ஆபரேஷன் ஆன மாதிரி இருக்கிறது, இந்தத் தடவை பாஸ்போர்ட் என் சட்டைப் பையில்.

ஏர்போர்ட்டுக்கு ஓடி வராதே. நீ ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருவாய், முகம் கழுவி வீட்டில் இரு. முகவரியைக் கண்டுபிடித்துச் சரக்கைச் சேர்ப்பது உன் அம்மாவுக்கு ஒரு வேலையே இல்லை, பஸ் எண் வரை கேட்டு வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், வேலை தேடி அலைந்து வந்தாலும், கோபித்துக்கொண்டு போய் வந்தாலும், உனக்குக் கதவைத் திறந்தவர்கள் நாங்கள். இந்தத் தடவை நாங்கள் வெளியே நின்று தட்டுவோம். நீ உன் கதவைத் திறந்து, வாங்கப்பா, வாம்மா என்று கூப்பிட வேண்டும். அதைக் கேட்கத்தான் வருகிறோம்.

நல்லா இரு கண்ணு. உன் கை வேலைக்கு ஒரு குறையும் வராமல், நோய் நொடி அண்டாமல், நிமிர்ந்து நட. ஹோட்டல் ரூம் போட்டுவைத்திருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்பே கேன்சல் பண்ணிவிடு, மறந்துவிடாதே.

உன் வீட்டுக்கு விருந்தாளியாக வரும்,
அப்பா